தோல் புற்றுநோய் அபாயச் சோதனை செய்துகொண்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கயல்
அப்பாவுக்கும் அத்தைக்கும் மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய். அத்தைக்குப் பின்னாளில் கணையத்திலும் புற்றுநோய் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதுமே மரபியல் ஆலோசகர் சிடிகேஎன்2ஏ மரபணுவைப் பார்த்துவிடலாம் என்றார். செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி16 புரதம் அதிலிருந்துதான் உருவாகிறது. அது பழுதானால் மெலனோமா, கணையப் புற்றுநோய் இரண்டுக்குமே வாய்ப்பு கூடும்.

முதலில் அப்பாவின் ரத்தத்தைத்தான் எடுத்தார்கள். நோய் வந்தவரிடம் எந்த மாற்றம் என்று தெரிந்தால்தான் பிள்ளைகளிடம் அதைத் தேட முடியும். எனக்கு இருக்கிறது, தம்பிக்கு இல்லை.

"நீ தப்பிச்சுட்டடா" என்று வீட்டில் அவனைக் கொண்டாடினார்கள். தோல் மருத்துவர் கொண்டாடவில்லை. சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, அவன் வலது கையில் இருந்த மச்சங்களை எண்ண ஆரம்பித்தார். ஒரு கையில் 11-க்கு மேல் இருந்தால் உடம்பு முழுக்க 100-ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம் என்று 2015-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வு ஒன்று சொன்னது. மச்சம் கூடக் கூட அபாயமும் கூடும். அவனுக்கு வெயிலில் நின்றாலே கன்றிப்போகும் தோல், வேலையோ வெட்டவெளியில். குடும்பத்தில் ஓடும் மாற்றம் அவனிடம் இல்லை, அவ்வளவுதான். இப்போது இருவருமே தவறாமல் தோலைக் காட்டிவிட்டு வருகிறோம்.

செல்வி_எம்
நான் எச்சில் அனுப்பி மரபணுச் சோதனை பண்ணிப் பார்த்தேன். "சராசரியைவிடக் குறைவு"ன்னு வந்துச்சு. மாநிறம் வேற. இதோட விட்டுடலாமா?

பழைய ரேகை
விடாதீங்க செல்வி. எனக்கும் அதே மாதிரி அறிக்கைதான் வந்தது. அதில் வரும் அபாய மதிப்பெண் பல மரபணுக்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிப் போடுவது. அதற்கு அடிப்படையான தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம்மைப் போன்ற தோலுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது.

என் மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "காலுறையைக் கழற்றுங்க" என்றார். கருந்தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் அதிகம் தலைகாட்டும். பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்ததும் அந்த வகைதான். 1981-இல், 36 வயதில் இறந்தார். தோல் நிறத்தையும் வெயிலையும் வைத்துப் போடும் கணக்கு இதைப் பிடிப்பது கஷ்டம்.

என் பாதத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்தார். நிறம் ரேகைப் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதுவான மச்சம், மேட்டில் ஓடினால் உஷார். எனக்குப் பள்ளம். படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அடுத்த முறை ஒப்பிட.

கயல்
செல்வி, அந்த அறிக்கையில் எந்தெந்த மரபணுவைப் பார்த்தார்கள் என்று படித்துப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் எச்சில் மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாம் சிறுநீரகம்
என்னிடம் மரபணுவை யாரும் கேட்கவில்லை, மாத்திரைப் பட்டியலைத்தான் கேட்டார்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தால் ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. அந்த வகையில் நான் சாப்பிட்ட அசதயோபிரின் மருந்து தோலைப் புற ஊதா ஏ கதிருக்குக் கூச்சப்பட வைக்கும். காது மடலில் ஆறாத செதில் ஒன்று வந்தது; வெட்டி எடுத்தார்கள், மருந்தையும் மாற்றினார்கள். இதே மருந்து சாப்பிடுகிறவர்கள் யாராவது இருந்தால், காதையும் உச்சந்தலையையும் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் அவை தெரிவதில்லை.