கடலட்டைப் பண்ணையில் பங்கு போடலாமா? சீனாக்காரனை நம்பலாமா?

பூநகரிப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பூநகரிப் பக்கம், கடலோரம். அப்பா கரையோரக் கடலில் தடி நட்டுச் சிறகுவலை போட்டுத்தான் எங்களை வளர்த்தார். இப்போது மாமா (அம்மாவின் தம்பி) இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து கடலட்டைப் பண்ணைக்கு (கடலடியில் ஊரும் அட்டையை வேலி அடைத்து வளர்த்து, காயவைத்துச் சீனாவுக்கு விற்பது) விண்ணப்பம் போட்டிருக்கிறார், என்னையும் பங்குக்கு வரச் சொல்கிறார். வீட்டில் இதனால் ஒவ்வொரு இரவும் சண்டை. "அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எழுதி வாங்கின சீனாக்காரன் நாளைக்குப் பூநகரியையும் எழுதி வாங்குவான்" என்கிறார் அப்பா. மாமாவோ "ஆயிரம் வருசமாக இந்தக் கடலில் யாவாரம் செய்தவன், வெள்ளைக்காரன் மாதிரி ஒரு நாளும் ஆயுதத்தோடு வரவில்லை" என்கிறார். இரண்டு பேரும் முகநூல் வீடியோ பார்த்துத்தான் கதைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 2021இல் கௌதாரிமுனையில் சீனக் கம்பனியின் பண்ணைக்கு எதிராக எங்கள் ஆட்கள் நின்றதும் அப்பாவின் மனதில் இருக்கிறது.

சரித்திரம், கடன், இரண்டிலும் எது உண்மை? அதைவிட, காசு போடலாமா வேண்டாமா?

மாந்தை மணியம் எழுதியது:

தம்பி, மாமா சொல்வதில் பாதி சரி. மாந்தை, அதாவது மாதோட்டம், ஒரு காலத்தில் இந்து சமுத்திரத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. சுந்தரர் தேவாரத்திலேயே மாதோட்டக் கடலில் கப்பல் மலிந்து கிடந்ததைப் பாடியிருக்கிறார். 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்து மேட்டில் தோண்டியபோது தாங் அரசர் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளும் பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பாத்திர ஓடுகளும் வெளியே வந்தன. கிழக்கிலிருந்து வந்த சரக்கும் மேற்கிலிருந்து வந்த சரக்கும் எங்கள் மண்ணில்தான் கை மாறியிருக்கின்றன. அதற்கும் முந்தி, கி.பி. 410 அளவில், பாஹியன் என்ற சீனத் துறவி அனுராதபுரம் வந்து அபயகிரி விகாரையில் இரண்டு வருசம் இருந்தார். அங்கே புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு வியாபாரி வைத்த வெள்ளைப் பட்டு விசிறி, அது தன் நாட்டுச் சரக்கு என்று கண்டதும் அழுதுவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ஊரை விட்டு வந்து பல வருசமான மனுசன், பாவம்.

ஆனால் "ஒரு நாளும் ஆயுதத்தோடு வரவில்லை" என்பது பிழை. காலியில் 1911இல் ஒரு கல் கிடைத்தது, வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த கல். 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. மிங் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனப் பகுதியில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெற்குக் கரையில் தெவிநுவரைக் கோயிலில் இருந்த தெனாவரை நாயனார் என்ற கடவுளுக்கு. 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல், ஒருவருக்கும் மனக்குறை வரக்கூடாதென்ற கவனம்! அதே செங் ஹே அதே பயணத்தில் இங்கே அதிகாரத்தில் இருந்த அழகக்கோனாரோடு சண்டை பிடித்து, ஆளைக் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி நான்கிங்குக்குக் கொண்டுபோனார். பேரரசர் பிறகு விட்டுவிட்டார் என்பது வேறு விசயம். இவர்கள் போர்த்துக்கேயர் மாதிரிக் கோட்டை கட்டி உட்காரவில்லை, அது உண்மைதான். அதற்காக உபயம் செய்ய மட்டும் வந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. கல்லைப் பார்க்க விருப்பமென்றால் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

வவுனியா கணக்கர் எழுதியது:

கடன் பக்கத்தை நான் சொல்கிறேன். அம்பாந்தோட்டைக் கதை எல்லாரும் சொல்கிற மாதிரி "கடன் கட்டவில்லை, துறைமுகத்தைப் பறித்தான்" இல்லை. முதல் கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கியிடம் 30 கோடி டொலருக்கு மேல் வாங்கினோம், வட்டி 6.3 வீதம், அது சலுகை வட்டியே இல்லை. கப்பல் வரவில்லை, நட்டம். 2017இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் கம்பனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்து 112 கோடி டொலர் வாங்கினோம். அந்தக் காசு எக்சிம் கடனை அடைக்கப் போகவில்லை, நாட்டின் டொலர் கையிருப்புக்குப் போனது. கடன் அப்படியே நின்றது. அரசாங்கத்தின் கையில் டொலர் இல்லை, ஏனென்றால் சர்வதேசச் சந்தையில் பிணைமுறி விற்றுக் கூடிய வட்டிக்கு வாங்கிய கடன் வரிசையாக முதிர்ந்துகொண்டு வந்தது. 2022 சித்திரையில் நாடு கைவிரித்தபோதும் பெரிய சுமை அந்தப் பிணைமுறிதான். சீனா பெரிய அளவில் கடன் கொடுத்தவன், ஆனால் கடன் கொடுத்த ஒரே ஆள் இல்லை. அதோடு, கையெழுத்துப் போட்டது எங்கள் நாட்டு அமைச்சர்கள், அதைச் சொல்ல ஏன் எல்லாருக்கும் வாய் வருவதில்லை?

1952ஐயும் பார்க்க வேண்டும். கொரிய யுத்த நேரம், அரிசி கிடைக்கவில்லை, ரப்பர் விலை விழுந்துவிட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது கம்யூனிசத்தை எதிர்க்கிற ஐக்கிய தேசியக் கட்சி, சீனாவோடு இராஜதந்திர உறவுகூட இல்லை, அது 1957இல்தான் வந்தது. அப்படியிருந்தும் வருசத்துக்கு 50,000 தொன் ரப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்க ஐந்து வருச ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. இரண்டு பக்கத்துக்கும் தேவை இருந்தது, இரண்டு பக்கமும் வாங்கின, விற்றன. கட்டாயமில்லாத யாவாரம் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் பக்கம் ஏ-9 வீதி சீனக் கடனில் போட்டது, ஓமந்தைக்கு மேலே ரயில் பாதை இந்தியக் கடனில் இர்கொன் என்ற இந்தியக் கம்பனி போட்டது. இரண்டிலும் ஏறி யாழ்ப்பாணம் போய் வருகிறோம், ஒருவரும் இறங்கி நடக்கவில்லை.

துணுக்காய் கமக்காரன் எழுதியது:

கணக்கர் அண்ணை, பேப்பரில் எல்லாம் சரிதான். 2021 காலபோக நெல் விதைப்பை நாங்கள் மறக்கவில்லை. இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்துவிட்டு, சேதனப் பசளை சீனாவிலிருந்து வருகிறது என்றார்கள். மாதிரியைச் சோதித்தபோது கெட்ட பக்டீரியா இருக்கிறதென்று எங்கள் நாட்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவே சொன்னது, கப்பல் இறக்க விடவில்லை. பசளைக்குக் காசு கட்டவில்லை என்ற கோபத்தில் சீனத் தூதரகம் எங்கள் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் இறக்காத பசளைக்கு ஏறக்குறைய 69 லட்சம் டொலர் கட்டினோம். வயலில் பயிர் மஞ்சள் பற்றி நின்றது, பசளை கடலில் சுற்றிக்கொண்டிருந்தது, காசு மட்டும் போய்ச் சேர்ந்தது. பிறகு 2022 கடைசியில் அதே சீனா கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் இலவசமாக டீசல் அனுப்பியது. நானும் வாங்கி லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு அடித்தேன், பொய் சொல்லவில்லை. அதற்காகப் பசளைக் கதையை விட்டுவிட மாட்டேன்.

தம்பிக்கு நான் சொல்வது, சண்டை வந்தால் பெரியவன் பக்கம்தான் தராசு சாயும். அதை வைத்துக் கணக்குப் போடு.

முல்லைக் கரையான் எழுதியது:

எல்லாரும் நாட்டைப் பற்றிக் கதைக்கிறீர்கள், பெடியன் கேட்டது பங்கைப் பற்றி. நான் அட்டை அவித்த ஆள், அதனால் சொல்கிறேன்.

பச்சை அட்டை கையில் கனக்கும், பெரும்பகுதி தண்ணீர். வயிற்றில் சின்னக் கீறல் போட்டுக் குடலை எடுத்து, கிடாரத்தில் அவித்து, ஈர மணலில் இரவு புதைத்து வைத்து, மறுநாள் தோலில் இருக்கும் சுண்ணாம்புப் படையைத் தேய்த்துக் கழுவி, திரும்ப அவித்து வெயிலில் போட வேண்டும். நன்றாகக் காய்ந்தால் தரையில் போட்டதும் கல் விழுகிற சத்தம் கேட்கும். நூறு கிலோ பச்சை அட்டை காய்ந்து பத்துக் கிலோகூட வராது. கணக்குப் போடும்போது முதலில் இதை நினை. பெரிய அட்டைக்கும் சின்ன அட்டைக்கும் கிலோவுக்கு விலை மலைக்கும் மடுவுக்கும். காசு தேவை என்று முந்திப் பிடித்தால் கையைச் சுடும்.

வாங்குகிறவன் சீனாவிலும் ஹொங்கொங்கிலும்தான். நாங்கள் ஒருவரும் சாப்பிடுவதில்லை, எங்கள் வீட்டுப் பூனைகூடத் தொடாது. அங்கே அதைப் பல நாள் ஊறவைத்துக் கலியாண விருந்துக்கும் புதுவருசத்துக்கும் சூப்பில் போடுகிறார்கள். தனக்கென்று பெரிய ருசி இல்லை, சூப்பின் ருசியைத்தான் இழுக்கும். ஆக அவர்கள் வாங்காவிட்டால் கொடிகாமச் சந்தையில் கூறு போட்டு விற்க வழியில்லை. மீனோ இறாலோ அப்படியில்லை, விலை விழுந்தால் குழம்பிலாவது போடலாம். இந்தியாவில் 2001இலிருந்து அட்டை பிடிக்கத் தடை என்றபடியால் அங்கேயிருந்து களவாக வருகிற சரக்கும் இந்தப் பக்கம் சேர்கிறது, அதுவும் எங்கள் விலையைத் தாக்கும்.

அடுத்தது பண்ணையில் விடுகிற அட்டைக் குஞ்சு. பண்ணை உன் பெயரில் இருக்கும், ஆனால் குஞ்சு பொரிக்கிற இடமும் காய்ந்த அட்டையை வாங்குகிற ஆளும் ஒருவரே என்றால் நீ அவருக்குக் கூலி. எனக்குத் தெரிந்த ஒரு குழு அப்படித்தான் மாட்டியது, குஞ்சை ஒரு விலைக்குக் கொடுத்தவர் அறுவடை நேரத்தில் தான் சொன்ன விலைதான் என்றார். அவர் சீனர் இல்லை, தமிழர்.

பூநகரிப் பெடியன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் கல்வெட்டுக் கதையை வாசித்துக் காட்டினேன், "பார்த்தியா, அப்பவே ஆளைத் தூக்கினவன்" என்று அவருக்குப் புது உற்சாகம். முல்லை அண்ணை, குஞ்சு யாரிடம் எடுப்பதென்று மாமாவிடம் கேட்டேன், "அதெல்லாம் அவர்களே தருவார்கள்" என்றார். அவர்கள் யாரென்று கேட்டதற்கு நேராகப் பதில் இல்லை. சிறகுவலைக் காரருக்கு வழி விட்டுத்தான் வேலி அடைப்பார்களா என்பதும் தெரியவில்லை.

முல்லைக் கரையான் எழுதியது:

அப்போ இப்போதைக்குக் காசு கொடுக்காதே. நெக்டா (நீருயிரின வளர்ப்பு அதிகார சபை) அனுமதிப் பத்திரம் யார் பெயரில், எல்லை எது, குஞ்சு யார் தருவது, விற்கும் விலை யார் தீர்மானிப்பது, இவ்வளவும் எழுத்தில் வரட்டும். வேலி விசயத்தை உங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில், மாமா இருக்கும்போதே, அப்பாவைக் கொண்டு கேட்க வை. இரவுக் காவலுக்கு யார் நிற்பது என்பதையும் மறக்காமல் கேள், இளையவன் நீ என்றபடியால் அது உன் தலையில்தான் விழும்.