காலமும் வானிலையும்: கோலெக்சிஃபிகேஷனுக்கு ஒரு தமிழ்ச்சொல்

> கோலெக்சிஃபிகேஷனுக்குப் 'பல்பொருண்மை' போதுமே. புதிதாக எதற்கு?

போதாது ஐயா. பல்பொருண்மை என்பது பாலிசெமிக்கு நிலைத்துவிட்ட சொல். ஒரு சொல்லின் பொருள்கள் தம்முள் தொடர்புடையவை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயரை வைக்கிறோம். மொழியியலாளர் அலெக்சாந்தர் ஃபிரான்சுவா 2008இல் முன்வைத்த கோலெக்சிஃபிகேஷன் என்ற கருத்து அந்தத் தீர்ப்புக்கு முந்தியது. இரண்டு பொருள்களை ஒரு மொழி ஒரே சொல்லால் சொல்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. பொருள்கள் உறவா, தற்செயலா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'காலம்', 'வானிலை' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். லத்தீன் தெம்புஸ் வழிவந்த இத்தாலிய தெம்போ, பிரெஞ்சு தாம், ஸ்பானிய தியெம்போ மூன்றுமே இரண்டையும் குறிக்கும். ஸ்பானிய மொழியில் 'ஆசே தியெம்போ' என்றால் 'வெகு நாளைக்கு முன்'. நடுவில் 'நல்ல' என்ற அடை சேர்ந்து 'ஆசே புவென் தியெம்போ' ஆனால் 'வானிலை நன்றாயிருக்கிறது'. வினை அதே வினைதான்.

ஸ்லாவிய மொழிகளில் கதை இன்னும் சுவையானது. பழைய வ்ரெமெ 'சுழல், திரும்பு' என்னும் வேரிலிருந்து வந்தது. லத்தீன் வெர்த்தெரே, சமஸ்கிருத வர்த்மன் (சக்கரத் தடம், வழி) எல்லாம் அதன் உறவு. செர்பியனிலும் பல்கேரியனிலும் வ்ரெமெ இரண்டு பொருளையும் தாங்குகிறது. ரஷ்யனில் வ்ரேம்யா காலம் மட்டுமே, வானிலைக்குப் பகோதா. ஸ்லோவேனியனில் தலைகீழ்: வ்ரெமெ பெரும்பாலும் வானிலை, காலத்துக்குச் ச்சாஸ். (ரஷ்ய வ்ரேம்யாவே, திருச்சபை வழிபாட்டுக்கான பழைய ஸ்லாவிய மொழியான சர்ச் ஸ்லாவோனியத்தின் இரவல். சொந்த ஒலிவிதிப்படி வெரெம்யா என்றிருக்க வேண்டும். பழைய ஏடுகளில் அப்படியும் காணலாம்.) ருமேனியன் லத்தீன் வீட்டுப் பிள்ளை. ஆனாலும் தன் திம்ப்பைக் கைவிடாமலே ஸ்லாவியரிடம் வ்ரெமெயையும் வாங்கிக்கொண்டது. வானிலை எப்படி என்று கேட்க வ்ரெமெதான் வரும். பக்கத்துக் கிரேக்கத்தின் கெரோஸும் இரண்டையும் குறிக்கிறது. ஆக இந்தக் குணம் குடும்பச் சொத்தாக மட்டுமல்ல, அண்டை வீட்டாரிடமிருந்தும் வரலாம். வரலாற்றைப் பற்றி வாய் திறக்காத கலைச்சொல் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

கோலெக்சிஃபிகேஷனுக்கு முன்பு முன்மொழியப்பட்ட 'ஒருசொல்லடக்கம்' வேண்டாம். நல்லடக்கம்தான் நினைவுக்கு வருகிறது. 'சொல்லிணைவு' என்றால், சொற்கள் வழக்கமாகச் சேர்ந்து வருவதைக் குறிக்கும் கொலொகேஷனோடு முட்டும். என் பரிந்துரை: ஒருசொற்பாடு. வேறுபாடு, மாறுபாடு போன்ற அமைப்பு. வினையாகவும் ஓடும்: இத்தாலியனில் காலமும் வானிலையும் ஒருசொற்படும், ரஷ்யனில் வேறுசொற்படும். தொல்காப்பியர் 'வினைவேறு படூஉம் பலபொருள் ஒருசொல்', 'வினைவேறு படாஅப் பலபொருள் ஒருசொல்' என்று பிரித்ததும் இதே 'படு'வை வைத்துத்தான். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு, 'மா வீழ்ந்தது' என்றால் இரண்டில் எதுவுமாகலாம்.

---

> ஒருசொற்பாடு காதுக்கு நன்றாயிருக்கிறது. ஒரு சந்தேகம். ரஷ்ய ச்சாஸ் 'மணி நேரம்', போலிஷ் ச்சஸ் 'காலம்'. இதையும் ஒருசொற்பாடு என்று பதியலாமா?

கூடாது அம்மா, அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ஒருசொற்பாட்டை ஒரே மொழியில், ஒரே காலகட்டத்தில் பார்க்க வேண்டும். நீங்கள் காட்டியவை இனச்சொற்கள், அதாவது ஒரே மூலச்சொல்லிலிருந்து வெவ்வேறு மொழிகளில் வந்தவை. வழியில் பொருள் மாறியிருக்கிறது. போலிஷ் கொஜினா 'மணி நேரம்', குரோஷிய கோதினா 'ஆண்டு' என்பதும் அப்படியே. குரோஷியக்காரர் 'இரண்டு ஆண்டு' என்று சொல்வது போலிஷ்காரர் காதில் இரண்டு மணி நேரமாக விழலாம். அது மொழிபெயர்ப்பாளரின் தலைவலி, எந்த மொழியில் எவை ஒருசொற்படும் என்று தொகுக்கும் நம் அட்டவணையில் இடமில்லை.

செக் மொழியில் காலம் ச்சாஸ், வானிலை அதிலிருந்தே கிளைத்த பொச்சாசி. வடிவம் ஒன்றல்ல, அடி ஒன்று. ஃபிரான்சுவா இத்தகையவற்றைத் தனியே வைக்கிறார். அதைத் 'தளர் ஒருசொற்பாடு' என்றும், வடிவம் அப்படியே ஒன்றாயிருப்பதை 'நேர் ஒருசொற்பாடு' என்றும் வைக்கலாம். பிரெஞ்சு தாமும், புயலைக் குறிக்கும் தாம்பெத்தும் தளர் வகையே.

பதிவதற்கு முன் பொருளுக்கு ஒன்றாக இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். ஒன்றில் மற்றப் பொருள் நுழையவே முடியாதபடி இருக்க வேண்டும். அகராதியில் இரண்டு பொருளும் அச்சாகியிருக்கிறது என்பதை மட்டும் நம்பினால், வழக்கொழிந்த பொருளும் உள்ளே வந்துவிடும்.

ஒருசொற்பாடு என்ற சொல்லின் அகராதிப் பதிவுக்கு நம்மூர் எடுத்துக்காட்டே இருக்கிறது. இலங்கைச் செய்திகளில் 'சீரற்ற காலநிலை' என்றால் இன்றைய மழையும் காற்றும். 'காலநிலை மாற்றம்' என்றால் பல பத்தாண்டுப் போக்கு. அங்கே இரண்டும் நேராக ஒருசொற்படும். தமிழ்நாட்டில் வானிலை, காலநிலை என வேறுசொற்படும். மறுப்பில்லை என்றால் இந்த வாக்கியங்களோடே பதிவில் ஏற்றிவிடுகிறேன்.