இஸ்தோப்பில் கிடந்த தேன்பூச்சிக்குச் சீனி வருத்தம் வராதா?

கந்தப்பளைப் பிள்ளை:
நேற்று விடியக்காலை அம்மா பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) கிளம்பும்போது, இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) ஒரு தேன்பூச்சி செத்துக் கிடப்பதாகச் சொன்னார். கிட்டப் போய்ப் பார்த்தேன், வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. தேக்கரண்டியில் சீனித் தண்ணீர் வைத்ததும் நாக்கை நீட்டிக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பை ஒரு நடுக்கு நடுக்கிவிட்டுப் பறந்துவிட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு), ஒரு பிளேன்டீ குடித்தாலே இரத்தச் சீனி பார்க்கும் மெஷினில் 186 காட்டுகிறது. நாள் முழுக்கத் தேன் குடிக்கிற இதற்கு ஒன்றும் ஆகாதா?

ராகலை ரவி:
அதே மெஷினில் அதன் இரத்தத்தையும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கலாமே!

வெலிமடை வாத்தியார்:
ரவி, பார்த்தாலும் பாதிக் கணக்குத்தான் வரும். அந்த மெஷின் குளுக்கோசை மட்டும்தான் அளக்கும். தேனீயின் இரத்தத்தில் குளுக்கோசும் உண்டு. ஆனால் பெரும்பாலான பூச்சிகளின் முக்கிய இரத்தச் சீனி ட்ரெஹலோஸ். இரண்டு குளுக்கோசு முகத்தோடு முகம் ஒட்டியது அது. வினைபுரியும் முனை இரண்டும் உள்ளே அடைபட்டிருப்பதால், அளவு நம்முடையதைவிடப் பல மடங்கு ஏறினாலும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு கெடுக்காது. நமக்குக் கண்ணும் சிறுநீரகமும் போவதில் அந்த ஒட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு.

உடம்புக்குள் இருக்கும் கொழுப்புத் திசுதான் ட்ரெஹலோஸைச் செய்து இரத்தத்தில் விடும். தசைக்கு வேண்டும்போது ட்ரெஹலேஸ் என்ற நொதியம் அதை இரண்டாக வெட்டிக் கொடுக்கும். குடித்த தேனும் ஒரேயடியாக உள்ளே இறங்காது. அது முதலில் தங்கும் தேன்பைக்கும் குடலுக்கும் நடுவில் ஒரு வால்வு, தேவைக்கு ஏற்பத்தான் திறக்கும்.

பிள்ளை பார்த்த நடுக்கம் குளிரால் அல்ல. சிறகை அசைக்காமலே பறக்கும் தசையை நடுக்கிச் சூடேற்றிக்கொள்கிறது. அதற்கும் சீனிதான் விறகு. பனியில் அது தீர்ந்துதான் விழுந்திருக்கும். (என் தேனீப் பெட்டி வாசலிலும் ஜனவரியில் இப்படிக் கிடக்கும்.)

பூச்சிக்குச் சீனி வருத்தம் வரவே வராது என்றும் சொல்லிவிட முடியாது. பழ ஈயின் புழுக்களுக்கு ஆய்வுகூடத்தில் அளவுக்கு மீறிச் சீனி கொடுத்தால் இன்சுலினுக்கு மசியாத நிலை வருகிறது.

கந்தப்பளைப் பிள்ளை:
நன்றி சேர். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அது பறந்து கரைக்குது சரி, நான் கொழுந்துக் கூடையோட மலை ஏறி இறங்குறேனே, எனக்கு ஏன் கரையல?" என்கிறார். என்ன சொல்ல?