அம்மாவோட கால் வீக்கத்துக்கு அக்குப்பிரஷர் செருப்பு வாங்கலாமா?

தலவாக்கலை பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயசு, 30 வருசத்துக்கு மேல தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க. சாயங்காலம் தராசுல கொழுந்தை நிறுத்துட்டு லயத்து வீட்டுக்கு (தோட்டத்து வரிசை வீடு) வர்றப்ப ரெண்டு காலும் வீங்கிப் போய்தான் வர்றாங்க. அட்டை கடிக்காம இருக்க போடுற சாக்ஸை கழட்டுனா ரப்பர் பதிஞ்ச தடம் கெண்டைக்கால்ல வளையல் மாதிரி நிக்குது, விரலால அமுக்குனா குழி விழுந்து மெதுவாத்தான் நிரம்புது. இப்ப ரெண்டு மூணு மாசமா பாதம் மரத்துப்போகுது, ராத்திரியில எரியுதுன்னும் சொல்றாங்க. குளிருக்கு அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். டவுன்ல ஒருத்தர் முள்ளு முள்ளா இருக்கிற அக்குப்பிரஷர் செருப்பு விக்கிறாரு, தினம் அரைமணி நேரம் போட்டு நடந்தா ரத்த ஓட்டம் சரியாகி கிட்னி ஈரல் எல்லாம் சுத்தமாயிரும்னு பாதத்து படத்தை காட்டி சொல்றாரு. வாங்கலாமா? இல்ல நானே கையால அமுக்கி விட்டா போதுமா, எப்படி அமுக்கணும்?

மஸ்கெலியா அண்ணன்:
தங்கச்சி, செருப்புக்கு குடுக்கிற காசுல நல்லெண்ணெய் வாங்குங்க. எங்க அம்மாயி மலையில இருந்து வந்ததும் அடுப்படியில உக்காந்து எண்ணெயில பூடு தட்டிப்போட்டு சூடாக்கி பாதத்துல இருந்து முழங்கால் வரைக்கும் உருவி விடுவாங்க, கீழ இருந்து மேலதான், ஒருநாளும் மேல இருந்து கீழ உருவ மாட்டாங்க. பிறகு சுவத்துல காலை தூக்கி வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் படுப்பாங்க. நான் லொறி ஓட்டுறவன், எனக்கும் இதுதான் வைத்தியம், அன்னைக்கு ராத்திரி தூக்கம் நல்லா வரும்.

நுவரெலியா தெரப்பிஸ்ட்:
அண்ணன் சொன்னது சரி, கீழ இருந்து மேல உருவுறதுக்கு காரணம் இருக்கு. கால்ல இறங்குன ரத்தத்தை மேல ஏத்துறது கெண்டைக்கால் சதைதான், அது சுருங்கி விரியுறப்ப ரத்தம் மேல தள்ளப்படும், திரும்பி கீழ வராம ரத்தக்குழாய்க்குள்ள ஒருவழி கதவு மாதிரி இருக்கு. கொழுந்து எடுக்கிறவங்க மணிக்கணக்கா சரிவுல ஒரே இடத்துல நின்னு கைதான் ஓடுமே தவிர கால் ஓடாது, அதனால ரத்தம் கீழயே தங்கிருது.

நான் ஹோட்டல் ஸ்பாவுல 6 வருசமா பாதம் அமுக்குற வேலைதான் செய்றேன், அதனால அந்த படத்தை பத்தியும் சொல்லணும். அது நம்ம வர்மமும் இல்ல, சீனாக்காரங்களோட பழைய முறையும் இல்ல. 1910கள்ல அமெரிக்காவுல வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு காது மூக்கு டாக்டர் உடம்பை நீளவாக்குல 10 பகுதியா பிரிச்சாரு, 1930கள்ல யூனிஸ் இங்கம்னு ஒரு அம்மா அதை பாதத்துக்கு கொண்டு வந்தாங்க. பாதத்துல ஒரு இடத்தை அமுக்குனா கிட்னி சுத்தமாகும்ங்கிறதுக்கு நிரூபணம் எதுவும் கிடையாது. வலி குறையும், மனசு லேசாகும், தூக்கம் வரும், அது என் கண்ணால தினம் பாக்கிறது.

செய்றதுன்னா அம்மாவை நாற்காலியில உக்கார வச்சு நீங்க பலகையில உக்காந்து காலை மடியில வச்சுக்குங்க. விரலை மடக்குனா உள்ளங்கால்ல முன்பக்கமா ஒரு பள்ளம் விழும், அதுல கட்டை விரலை வச்சு பத்து எண்ணுற வரைக்கும் அழுத்தி விடுங்க. பிறகு கணுக்கால் எலும்பை சுத்தி வட்டமா, கடைசியா கெண்டைக்காலை முழு உள்ளங்கையால மேல்நோக்கி. உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேல ஒரு புள்ளி இருக்கு, அதை கர்ப்பிணிகளுக்கு அமுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்களுக்கு பழக்குனாங்க. ஒரு காலுக்கு 10 நிமிசம் போதும். நரம்பு புடைச்சு நெளிஞ்சு தெரியுற இடத்துல அழுத்தவே வேணாம்.

பண்டாரவளை நர்ஸ் அக்கா:
பிள்ளை, அமுக்குறதுக்கு முந்தி நான் சொல்றதை கேளுங்க. வீக்கத்தை விட எனக்கு பயம் அந்த மரத்துப்போறதும் எரியுறதும்தான். அது குளிர் இல்லாம சீனி வருத்தமா, அதான் நீரிழிவா இருக்கலாம். காலையில வெறும் வயித்துல ரத்தம் குடுத்து பாருங்க, 126ம் அதுக்கு மேலயும்னா டாக்டர் கட்டாயம் பாக்கணும். சிறுநீரும் டெஸ்ட் பண்ணுங்க, ரெண்டு காலும் வீங்குறதுக்கு கிட்னி, இதயம், ரத்தசோகைன்னு பல காரணம் இருக்கு. பிரஷருக்கு அம்லோடிபின் குடிச்சாலும் கணுக்கால் வீங்கும், ஆனா நீங்களா அதை நிப்பாட்டிராதீங்க. லயத்துல யாராவது யானைக்கால்னு பயமுறுத்துனா நம்பாதீங்க, இலங்கையில அது ஒரு பெரிய பிரச்சினையா இல்லைன்னு 2016லயே உலக சுகாதார அமைப்பு அறிவிச்சிருச்சு.

அந்த முள்ளு செருப்பு வேணவே வேணாம். உணர்ச்சி இல்லாத பாதத்துல அது குத்தி புண்ணானாலும் அம்மாவுக்கு தெரியாது. சுடுதண்ணியில காலை வைக்கிறதும் அப்படித்தான், வைக்கணும்னா முழங்கையை விட்டு பாத்துட்டு வெதுவெதுப்பா மட்டும். இன்னொண்ணு, ஒரே ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா சிவந்து, கெண்டைக்கால் வலிச்சா கையே வைக்காதீங்க, உள்ள ரத்தக்கட்டியா இருந்தா நுரையீரலுக்கு போயிரும். உடனே ஆஸ்பத்திரி, மூச்சு திணறுனா ஆம்புலன்ஸுக்கு 1990ன்னு போன் அடிங்க.

தலவாக்கலை பிள்ளை:
அக்கா, நேத்து கிளினிக் போனோம். ஒரு பேரு, அதான் ஒருநாள் சம்பளம், போயிருமேன்னு அம்மா வரமாட்டேன்னு நின்னாங்க, கெஞ்சித்தான் கூட்டிட்டு போனேன். சீனி 168. கண்ணை மூடச் சொல்லிட்டு நைலான் நூல் மாதிரி ஒண்ணால பாதத்தை தொட்டு தொட்டு கேட்டாங்க, இடது பெருவிரல்ல தொட்டது அம்மாவுக்கு தெரியவே இல்ல, “இன்னும் தொடலையா”ன்னு கேக்கிறாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. மாத்திரை குடுத்திருக்காங்க. இனி காலை அமுக்கி விடலாமா?

பண்டாரவளை நர்ஸ் அக்கா:
அழாதீங்க பிள்ளை, நேரத்தோட கண்டுபிடிச்சுட்டீங்க. புண் இல்லைன்னா விடலாம், ஆனா கட்டை விரலால குத்தி அழுத்தாம உள்ளங்கையால மெதுவா. விரல் இடுக்குல எண்ணெய் தங்கக் கூடாது, ஈரத்தோட பூஞ்சை புடிச்சுரும், துணியால ஒத்தி எடுங்க. அமுக்குறப்ப டோர்ச் அடிச்சு உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் பாருங்க. மலையில நிக்கிறப்பவும் அப்பப்ப குதிகாலை தூக்கி தூக்கி இறக்கச் சொல்லுங்க.

தலவாக்கலை பிள்ளை:
இப்பதான் டோர்ச் அடிச்சு பாத்தேன் அக்கா. சின்ன விரல் இடுக்குல அட்டை கடிச்ச இடம் புண்ணாகி ஈரமா இருக்கு, அம்மாவுக்கு தெரியவே இல்ல. எண்ணெய் வைக்கல, நாளைக்கு காலையிலயே டிஸ்பென்சரிக்கு கூட்டிட்டு போறேன்.