ஆய்வகக் கைவேலையை வெபினாரில் கற்றவர்கள் சொல்லுங்கள்

மதுரை, நுண்ணுயிரியல்:
2020 ஊரடங்கில் கல்லூரி லேப் பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் கிராம் சாயமேற்றல் (பாக்டீரியாவுக்கு நிறமேற்றி இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கும் முறை) பற்றி ஒரு பேராசிரியை நடத்திய வெபினாரில் சேர்ந்தேன். நேரில் பிராக்டிக்கல் என்றால் ஒரு மேசையைச் சுற்றி மொத்த வகுப்பும் நிற்கும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். இவர் கேமராவை ஸ்லைடுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்.

கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிஷம், அயோடின் ஒரு நிமிஷம் என்பதெல்லாம் ரெக்கார்ட் நோட்டிலேயே இருக்கிறது. அவர் திரும்பத் திரும்பக் காட்டியது ஆல்கஹால் ஊற்றும் இடத்தை. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். வழிந்த ஊதா வெளிறிக்கொண்டே வந்து தெளிந்ததும், அந்த நொடியே தண்ணீரில் அலசிவிட்டார். அதற்கு மேல் விட்டால் ஊதாவைப் பிடித்துவைத்திருக்க வேண்டிய கிராம் பாசிட்டிவ் செல்லும் அதை இழந்து, அடுத்து ஊற்றும் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஏறி இளஞ்சிவப்பாகத் தெரியும். புத்தகத்தில் 'சில நொடிகள்' என்று இருப்பதன் அளவு எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

அவர் சொன்ன இன்னொன்றை இன்றும் விடாமல் செய்கிறேன். சோதிக்கும் மாதிரியோடு அதே ஸ்லைடில் ஸ்டஃபைலோகாக்கஸ் (கிராம் பாசிட்டிவ்), ஈ.கோலை (கிராம் நெகட்டிவ்) என்று வகை தெரிந்த இரண்டு பாக்டீரியாவையும் பக்கத்தில் வைத்துச் சாயமேற்றுவேன். முதலாவது ஊதா, இரண்டாவது இளஞ்சிவப்பு என்று வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்புவேன்.

திருச்சி, லேப் டெக்னீஷியன்:
அக்கா சொல்வது சரிதான், கண்ணுக்கு நிறையக் கிடைக்கிறது. ஆனால் மைக்ரோபிப்பெட் என்ற, துளியிலும் சிறிய அளவை உறிஞ்சி வெளியேற்றும் கருவியைக் கட்டைவிரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மேலே உள்ள பொத்தானை முதல் நிறுத்தம் வரை அழுத்தி, நுனியில் மாட்டும் டிப்பைத் திரவத்துக்குள் சில மில்லிமீட்டர் மட்டும் இறக்கி, மெதுவாக விட வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாம் நிறுத்தம் வரை போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே விரலில் தட்டுப்படும் அந்த இறுக்கம் திரையில் வராது.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் இதை உணர்ந்தவர். பிப்பெட், தண்ணீர், எலக்ட்ரானிக் தராசு மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் உட்காரச் சொன்னார். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 0.1 கிராம் காட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும். வந்த எடையை அவரவர் சாட்டில் போட்டோம். எண் தாறுமாறாக வந்தவர்களிடம் கேமராவைக் கைப்பக்கம் திருப்பச் சொன்னார். ஒரு தம்பி கட்டைவிரலைச் சட்டென்று விட, டிப்புக்குள் காற்றுக் குமிழ் ஏறியது. பார்த்த உடனே திருத்தினார். கிளிசரால் மாதிரி கெட்டியானதற்கு முறையே தலைகீழ்: இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் வெளியேற்ற வேண்டும். இதையும் அன்றே செய்து பார்த்தோம்.

ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினால் இ-சர்டிபிகேட் என்று எத்தனையோ வெபினார்கள் நடந்தன. அவற்றில் என் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. நம் கையைப் பார்த்துத் திருத்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தென்காசி, கல்லூரி ஆசிரியர்:
எங்களிடம் டி.என்.ஏ.வை மின்சாரத்தால் ஜெல்லுக்குள் ஓட்டி அளவுவாரியாகப் பிரிக்கும் பெட்டி ஒன்றே ஒன்று. அதனால் பிள்ளைகளை முதலில் இணையத்திலேயே சோதனையைச் செய்து பார்க்கும் விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தைப் பார்க்கச் சொல்வேன். டி.என்.ஏ. எதிர்மின் தன்மையுள்ளது, கறுப்பு முனையிலிருந்து சிவப்பு முனைக்கு ஓடும் என்பது அங்கேயே மனதில் பதிந்துவிடும். ஜெல்லில் உள்ள சிறு குழியில் மாதிரியை இறக்குவதற்கு மட்டும் வீட்டுப் பயிற்சி: கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி, பற்களை இடைவிட்டு உடைத்த சீப்பைச் செருகி உறைய வைப்பது. சீப்பை எடுத்ததும் மேலே தண்ணீர் நிற்க விட்டு, கேசரிப் பவுடர் கலந்த சர்க்கரைத் தண்ணீரைக் குழிக்குள் இறக்குவது. டிப் குழியின் அடியைக் குத்தினால் நிறம் கீழே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் நிஜ ஜெல்லை யோசிக்காமல் கொடுக்கிறேன்.