வியாழக்கிழமை சாப்டர் கூட்டம்: பெயர் கொடுத்துவிட்டேன், இப்போது பயமாக இருக்கிறது

மஞ்சள்மண்டி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஈரோட்டில் ஆறு வருடம் ஒரு விதை கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்த்தேன். டீலர் மீட்டிங், வயல்விழா, சுவர் விளம்பரம், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகப் போவது எல்லாம் என் தலையில்தான். இங்கே வேளாண் மார்க்கெட்டிங் ஆட்களுக்கென்றே நேஷனல் அக்ரி-மார்க்கெட்டிங் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. சுருக்கமாக நாமா. "நாமம் போட்டுவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்" என்று மாமியார் போனில் சிரிக்கிறார். அதன் உள்ளூர்க் கிளை, சாப்டர் என்கிறார்கள், வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டோடு ஒரு கூட்டம் வைக்கிறது. ஞாயிறு ராத்திரி ஏதோ வேகத்தில் காசு கட்டிப் பதிந்துவிட்டேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது, என்னவென்று படிக்காமல் அதையும் டிக் செய்திருக்கிறேன். நேற்று மெயில் வருகிறது: பதிவு மேசையில் உதவ முன்வந்ததற்கு நன்றி, பத்தே முக்காலுக்கு வந்துவிடுங்கள் என்று! வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு "இது வேலை செய்வதுதான், விசா போய்விடும்" என்கிறார். ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. போகலாமா? என்ன உடுத்துவது? பன்றிக்கறிதான் போடுவார்கள் என்கிறார்களே? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பனிக்கரடி_2009

தங்கச்சி, முதலில் கோட்டைப் பற்றிப் பேசுவோம். நான் 2009 ஜனவரியில் மினியாபொலிஸ் வந்து இறங்கினேன். ஊட்டிக்குப் போட்டுப் போகிற ஜெர்கின் ஒன்று கையில். பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டு நிமிடம் நின்றதில் மூக்குக்குள் இருக்கிற முடி உறைந்து குத்தியது. பக்கத்தில் நின்ற பாட்டி தன் மஃப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த மஃப்ளர் இன்னும் வைத்திருக்கிறேன். ஆகவே முழங்கால் தாண்டும் கோட்டு, தண்ணீர் புகாத பூட்ஸ். நல்ல ஷூவைப் பையில் கொண்டுபோய் உள்ளே மாற்றிக்கொள்ளலாம். ஜீன்ஸுக்குள் தெர்மல் போட மறக்காதே.

டேட்டா_தம்பி

அக்கா, இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போய் நேரத்தையும் காசையும் விடாதீர்கள். நான் படிப்பு முடித்த கையோடு இப்படி எட்டு மீட்டப் போனேன். கிடைத்தது எட்டு பீட்சா துண்டு. ரூமில் உட்கார்ந்து 400 அப்ளிகேஷன் போட்டேன், 401-வது வேலையானது. மார்க்கெட்டிங் வேண்டாம், மூன்று மாதம் எஸ்கியூஎல் என்கிற டேட்டா மொழி படியுங்கள். வாலண்டியர் விஷயத்தில் பயப்படவே வேண்டாம். வாரத்துக்கு 20 மணி நேரம் செய்தால், வேலையில்லாமல் இருக்கலாம் என்கிற 90 நாள் கணக்கு ஓடாமல் நிற்கும். நானே அப்படித்தான் சமாளித்தேன்.

குவெல்ஃப்_ராசன்

பிள்ளை, போங்கோ. கட்டாயம் போங்கோ. கனடாவில இதுக்குத் தனிச் சங்கம், காமா என்று சொல்லுவினம். நாங்கள் ஒன்டாரியோப் பக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து முதல் ரெண்டு வருசம் ஸ்கார்பரோவில ராத்திரி வேலை, பாத்திரம் கழுவினது. பிறகு மாட்டுத்தீவனம் விக்கிற இடத்தில சேர்ந்து, முதல் தடவை அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனன். ஒருத்தரோடயும் கதைக்காமல் கோப்பிக் கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு சுவரோரம் நின்றதுதான். அரை மணித்தியாலத்தில ஒரு கிழவர் வந்து "நீ புதுசா?" என்று கேட்டார். அவர்தான் பிறகு எனக்குப் பத்து வருசம் முதலாளி. மேசையில உதவிக்குக் கூப்பிட்டிருந்தால் நான் சுவரோரம் நின்றிருக்க மாட்டன்.

மஞ்சள்மண்டி

நன்றி அண்ணா, நன்றி ஐயா. கோட்டு இருக்கிறது. ஆனால் விசா? தம்பி சொல்கிற 20 மணி நேரம் எனக்குப் பொருந்துமா?

ஆறாவது_வருட_எச்4

பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். எம்பிஏ படித்துவிட்டு, வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் ஆறு வருடமாகச் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது "நீங்கள் என்ன செய்கிறீர்கள்" என்று கேட்டால் பாத்ரூம் போகிற மாதிரி நழுவிவிடுவேன். அவரவர் வீட்டுக்காரர்களுக்கு இது புரியவே புரியாது.

பனிக்கரடி_2009

வீட்டுக்காரர்களைச் சொல்லாதீர்கள், எங்களுக்கும் பயம்தான். கூட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் பொங்கல் விழா டிக்கெட் 35 டாலர். ஆளுக்கு ஒரு வடை. அதுவும் உளுந்து வடை இல்லை, உளுந்து வடை மாதிரி ஒன்று.

டேட்டா_தம்பி

ஒரு வடையா? எங்கள் ஊரில் வடைக்குத் தனி டோக்கன். பாயசம் தீர்ந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்தார்கள், கமிட்டி ஆட்கள் மேசையில் மட்டும் ஒரு குண்டான் இருந்தது.

ஆறாவது_வருட_எச்4

பார்க்கிங்குக்கும் எங்களிடம் காசு வாங்கினார்கள்.

கன்சாஸ்_கண்ணம்மா

வடையை அப்புறம் பார்ப்போம். அந்தப் பெண்ணுக்கு நாளை மறுநாள் கூட்டம். நான் கன்சாஸ் சிட்டியில் கால்நடை மருந்துகளுக்கு விளம்பரம் செய்யும் ஏஜென்சியில் இருக்கிறேன். இங்கே இருக்கிற மிட்-அமெரிக்கா சாப்டருக்கு ஒன்பது வருடமாகப் போகிறேன். மஞ்சள்மண்டி, நீங்கள் நாலு விஷயம் சொல்லவே இல்லை. எந்த ஊர்? என்ன விசா? கார் ஓட்டுவீர்களா? சைவமா?

மஞ்சள்மண்டி

மன்னிக்க வேண்டும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். அயோவா, டெஸ் மாயின்ஸ். எச்-4, அவருடைய வேலை விசாவோடு குடும்பத்துக்குத் தருவது. வேலை செய்யும் அனுமதி இல்லை. அவருடைய கிரீன் கார்டு வேலையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. காருக்குப் பழகுநர் உரிமம் மட்டும்தான். சாப்பாட்டில் வெள்ளி, சனி மட்டும் சைவம்.

டேட்டா_தம்பி

ஐயோ, நான் எஃப்-1 ஓபிடி, அதாவது மாணவர் விசாவில் படிப்பு முடித்து வேலை பார்க்கிற அனுமதி என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அந்த 90 நாள், 20 மணி நேரம் எல்லாம் மாணவர்களுக்கு. அதை விட்டுவிடுங்கள் அக்கா.

கன்சாஸ்_கண்ணம்மா

நல்லவேளை கேட்டேன். முதலில் ஊர் பெயர். எழுதுவதில் இருக்கிற எஸ் இரண்டும் வாயில் வராது. டி மொய்ன். மேசையில் உட்கார்ந்து டெஸ் மாயின்ஸ் என்றால் சிரிக்க மாட்டார்கள், ஆனால் ஐந்து வாரக் கணக்கு தெரிந்துவிடும்.

விசா. கூட்டத்துக்குப் போவது, சாப்பிடுவது, பேசுவது எதுவும் வேலை இல்லை. பேட்ஜ் எடுத்துக் கொடுப்பது சங்கத்து உறுப்பினர்கள் காலங்காலமாகச் சும்மா செய்வது, அதற்கு யாரும் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில்லை. கூடாதது எது என்றால், வேறொருவர் சம்பளம் வாங்கிச் செய்யவேண்டிய வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பது. "எங்கள் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் டிசைன் பண்ணிக் கொடுங்களேன், அனுபவமாக இருக்கும்" என்று யாராவது இனிக்க இனிக்கச் சொன்னால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் வீட்டுக்காரருக்கு மனது ஒப்பவில்லை என்றால், அவர் கம்பெனி இமிக்ரேஷன் வக்கீலுக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் "மேசைக்கு வர முடியவில்லை, சாப்பாட்டுக்கு வருகிறேன்" என்று எழுதிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் ஐ-140 மனு அப்ரூவ் ஆன பிறகு எச்-4 ஈஏடி என்கிற வேலை அனுமதி அட்டை கேட்கலாம், 2015-லிருந்து அந்த வழி இருக்கிறது. அது எப்போது தொடங்கும் என்று அவர் எச்.ஆரிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

உடை. ஜீன்ஸ், பூட்ஸ், சட்டை மேல் கம்பெனி பெயர் தைத்த கையில்லாத ஜாக்கெட். பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். பட்டுப்புடவையும் வேண்டாம், கோட்டு சூட்டும் வேண்டாம்.

மேசையில் என்ன நடக்கும் என்றால், பேட்ஜெல்லாம் அகர வரிசையில் அடுக்கி இருக்கும். வருகிறவர் பெயரைச் சொல்வார், எடுத்துக் கொடுப்பீர்கள். அவ்வளவுதான். ஆனால் அரை மணி நேரத்தில் வந்த அத்தனை பேரின் முகம், பெயர், கம்பெனி மூன்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும். காசு கட்டி வந்தவர்களுக்குக்கூட அது கிடைக்காது. உங்கள் பேட்ஜில் கூப்பிடச் சுலபமான பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கம்பெனி என்ற இடத்தில் "ஈரோடு, இந்தியா" என்று போடுங்கள். பாத்ரூம் போகிற மாதிரி நழுவ வேண்டாம், ஆறாவது வருடத் தங்கைக்கும் இதையேதான் சொல்வேன்.

பிறகு வட்ட மேசையில் ஆளுக்கு அரை நிமிட அறிமுகம். "வேலை தேடுகிறேன்" என்று தொடங்காதீர்கள், உங்களால் இப்போது வேலையில் சேரவும் முடியாது. மஞ்சள் மண்டியைச் சொல்லுங்கள். குவியலில் இருந்து விரலி மஞ்சளை எடுத்து உடைத்துப் பார்த்து வியாபாரி விலை எழுதுவதைச் சொன்னால் மேசையே திரும்பிப் பார்க்கும். ஒரு கணக்கு மட்டும் மனப்பாடம்: இங்கே தானியத்தைப் புஷல் கணக்கில் சொல்வார்கள், மக்காச்சோளம் ஒரு புஷல் 56 பவுண்டு, சோயா 60. நாலு புஷல் மக்காச்சோளம் என்றால் குவிண்டாலுக்குக் கொஞ்சம் மேல். நம் ஊர் விலையை யாராவது கேட்டால் உடனே மாற்றிச் சொல்லலாம்.

இன்னொன்று, முக்கியம். "எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள்.

மஞ்சள்மண்டி

அய்யய்யோ. அக்கா, ஊரில் நான் முதலில் கேட்பதே அதைத்தான். "எத்தனை ஏக்கருங்க, கிணறா வாய்க்காலா?" என்று.

குவெல்ஃப்_ராசன்

அது இங்க பாங்கில எவ்வளவு இருக்கு என்று கேட்கிற மாதிரி. நான் பட்டது அப்படித்தான். முதல் கிழமையில ஒரு பால்பண்ணைக்காரரிட்ட "எத்தனை மாடு?" என்று கேட்டுட்டன். ஒன்டாரியோவில பால் விக்கிறதுக்குக் கோட்டா வேணும், இவ்வளவு விக்கலாம் என்று காசு குடுத்து வாங்கிற உரிமை. நாளுக்கு ஒரு கிலோ வெண்ணெய்க்கொழுப்புக்கு 24,000 டொலர் உச்சவிலை. ஒரு மாடு நாளுக்கு ஏறக்குறைய அந்த ஒரு கிலோ தரும். மாட்டை எண்ணினால் மனுசன்ர சொத்து தெரிஞ்சிடும். அவர் சிரிச்சுக்கொண்டே "போதுமானது" என்றார். மழை எப்பிடி, பனி எப்பிடி, சோளம் எப்பிடி என்று கேளுங்கோ. அது காணும்.

கன்சாஸ்_கண்ணம்மா

ஐயா சொல்வதுதான் சரி. பேச்சுக்கு வேறு விஷயமும் உங்கள் ஊரிலேயே கிடக்கிறது. விதை, விவசாயப் பத்திரிகை எல்லாம் அங்கே பழைய தொழில். பக்கத்து ஜான்ஸ்டனில் இருக்கிற பயனியர் விதை கம்பெனியை 1926-ல் தொடங்கிய ஹென்றி வாலஸ் பிறகு துணை ஜனாதிபதி ஆனவர். சக்சஸ்ஃபுல் ஃபார்மிங் என்கிற விவசாயப் பத்திரிகை 1902-ல் அந்த ஊரில் தொடங்கியதுதான். ஆற்றங்கரையில் பழைய நூலகக் கட்டிடம் ஒன்று இருக்கிறது, உலக உணவுப் பரிசுக்காரர்களுடையது. அந்தப் பரிசை 1987-ல் முதன்முதலாக வாங்கியவர் நம் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன். சங்கத்து ஆட்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும், நமக்குத் தெரியாமல் போனால் நன்றாக இருக்காது. பள்ளிக்கூடத்தில் எஃப்எஃப்ஏ என்கிற விவசாய மாணவர் சங்கத்து நீலக் கார்டுராய் ஜாக்கெட் போட்ட கதையையும் பலர் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரிக்கு ஆதரவு என்று கேட்டால் ஏம்ஸா அயோவா சிட்டியா என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியான பல்கலைக்கழக ஊர்கள், அது பெரிய பஞ்சாயத்து.

போக வர: காரில்லாமல் போவதுதான் உங்கள் நிஜப் பிரச்சினை, விசா இல்லை. பஸ் அந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் மெயில் அனுப்பிய அம்மாளிடமே "அந்தப் பக்கமாக வருகிறவர் யாராவது உண்டா" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பனிக்கரடி_2009

பஸ் என்றால் கோட்டுக்குத் தொப்பி வைத்ததாக இருக்கட்டும்.

மஞ்சள்மண்டி

போய்விட்டு வந்துவிட்டேன். வக்கீல் புதன் சாயங்காலம் ஒரு வரி பதில் போட்டார், சம்பளம் இல்லாத சங்க உதவி பரவாயில்லை என்று. மெயில் அனுப்பிய அம்மாளே வீட்டு வாசலுக்கு வந்து பிக்கப் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ஐம்பத்து மூன்று பேட்ஜ் கொடுத்தேன். ஒருவரிடம் வாய் வரை வந்துவிட்டது, "எத்தனை ஏ..." என்று. அப்படியே "எத்தனை அங்குலம் பனி இந்த வருடம்?" என்று திருப்பிவிட்டேன். மனிதர் இருபது நிமிடம் பேசினார். மஞ்சள் ஏலத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். காசு கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், ஆனாலும் வக்கீலிடம் இன்னொரு மெயில் போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் சனிக்கிழமையிலிருந்து டிரைவிங் சொல்லித் தருகிறார்.

டேட்டா_தம்பி

சூப்பர் அக்கா. பன்றிக்கறியா போட்டார்கள்?

மஞ்சள்மண்டி

ஆமாம். வியாழன்தானே, சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.