அத்தையின் மடிக்கணினி

நான் (காலை 8.40): அத்தையின் மடிக்கணினியை இயக்கினால், அது தயாராவதற்கே ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று மாமா சொல்கிறார். அக்கா, உன் கருத்து என்ன?

அக்கா: எது தாமதப்படுத்துகிறது என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம், தம்பி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி, டிஸ்க் இரண்டும் எத்தனை விழுக்காடு என்று பார்த்துச் சொல்.

நான்: மெமரி 8 ஜிபியில் பாதிதான் செலவாகியிருக்கிறது. டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது.

அக்கா: அப்படியானால் ராமை, அதாவது மெமரியைக் கூட்டிப் பயனில்லை, ஹார்ட் டிஸ்க்தான் காரணம். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். படிக்கும் முனை ஒவ்வொரு சிறு கோப்புக்கும் இடம் மாறி, தகடு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது என்பதால், அந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்துதான் ஐந்து நிமிடமாகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. பழையதை எடுத்துவிட்டு அதை நீயே பொருத்தலாம்.

மாமா: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே, அம்மா. பழைய கணினிக்குச் செலவு செய்வது சரியா?

அக்கா: நியாயமான கேள்வி, மாமா. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்து, செயலியும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாம். இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவலாம். இரண்டுக்குமே எஸ்எஸ்டி பயன்படும்.

அத்தை: எனக்கு வேகத்தைவிட, அதில் இருக்கும் அம்மாவின் குரல் பதிவுகள்தான் முக்கியம். அவை வேறெங்கும் இல்லை.

அக்கா: அப்படியென்றால் இன்று ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம், தம்பி. முதலில் அந்தப் பதிவுகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, நான்கைந்தையாவது அங்கிருந்தே திறந்து கேட்டுப் பார்; கோப்பின் பெயர் தெரிவதாலேயே நகல் நலமாக இருப்பதாக நம்பிவிடக் கூடாது. டிஸ்க்கில் உள்ளவற்றைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பார். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள். பிறகு யுஎஸ்பி கேபிள் வழியாக எஸ்எஸ்டியை இணைத்து, பழைய டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே அதில் பிரதியெடுத்து, அதாவது குளோன் செய்துவிடலாம்.

மாமா: எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன், அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணை வைத்துச் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிடு, மாப்பிள்ளை. இரண்டரை அங்குல சாட்டா வகையும் உண்டு. சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வகையும் உண்டு. எம்.2 இடம் இருந்தாலும், சாட்டா, என்விஎம்இ என்ற இணைப்பு முறைகளில் அது எதை ஏற்கும் என்பதை மேனுவல்தான் சொல்லும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் முன்பொரு முறை, நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முடுக்கி மதர்போர்டையே இழந்தேன். அதன்பிறகு ஓர் அட்டையில் கணினியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. நீயும் அப்படியே செய்.

அக்கா: மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தாமல், குத்தாமல், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் படம் அனுப்பு. விசிறியில் தூசி இருந்தால், இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊது.

நான் (மறுநாள் மாலை 5.15): நகலெடுத்து, பதிவுகளைக் கேட்டுச் சரிபார்த்து, குளோனும் செய்து முடித்தேன். பதினொரு ஸ்க்ரூக்கள் இருந்தன. அவற்றில் இரண்டு ரப்பர் பாதங்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. எஸ்எஸ்டியைப் பொருத்திவிட்டேன். ஆனால் இப்போது விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

அக்கா: பதறாதே. ராமைத் தொட்டாயா?

நான்: தூசி துடைப்பதற்காகக் கழற்றி மாட்டினேன்.

அக்கா: அதுதான் காரணமாக இருக்கும். மின்சாரத்தையும் பேட்டரியையும் மறுபடி துண்டித்துவிட்டு, ராமைச் சாய்வாக, அதன் தங்கநிற விளிம்பு ஏறத்தாழ முழுவதும் மறையும்வரை உள்ளே தள்ளு. பிறகு கீழ்நோக்கி அழுத்து. இருபக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்று பிடிக்க வேண்டும்.

நான் (5.40): இடப்பக்கக் கொக்கி பாதிதான் பிடித்திருந்தது, அக்கா. சரியாக அழுத்தியதும் திரை வந்துவிட்டது. இருபது விநாடிகளுக்குள் கணினி தயாராகிவிடுகிறது.

அத்தை: அம்மா பேசுவதை இப்போதுதான் கேட்டேன், எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தப் பழைய டிஸ்க்கை என்ன செய்வது, கண்ணு?

அக்கா: அழிக்காமல், இன்றைய தேதியை மேலே எழுதி, ஓர் உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள், அத்தை. இரண்டு மாதம் புதியது சிக்கலின்றி ஓடட்டும். அதன்பிறகும் அந்த வெளி டிஸ்க் நகல் தனியாக இருக்கட்டும்.